டி.எஸ். சேனாநாயக்க: பட்டிப்பளை ஆற்றின் கணக்கு

சாகாமத்தில் காணி பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு விரைவிலேயே ஒரு கடதாசியில் வந்து நின்றுவிடும். மக்கள் அதனைப் 'பேமிட்' என்கிறார்கள். பிரதேச செயலகத்தில் அதன் முழுப்பெயர், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம். இடம்பெயர்வில் அதைத் தொலைத்தவர்களும், பெற்றோரின் பெயரிலிருந்து தங்கள் பெயருக்கு மாற்ற முடியாமல் அலைபவர்களும் அம்பாறைக் கரையோரம் முழுவதும் இருக்கிறார்கள். போருக்குப் பிந்திய காணிப் பிரச்சினைகளைப் பற்றி எழுதப்போகும் ஒவ்வொரு தடவையும் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்திலேயே நான் முட்டிக்கொள்கிறேன். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் டொன் ஸ்டீபன் சேனாநாயக்க. இலங்கையின் முதலாவது பிரதமர். தெற்கின் பாடப்புத்தகங்களில் தேசபிதா.

நம் ஊர்களில் அவரது பெயர் வேறுவிதமாக நினைவில் இருக்கிறது. குடியேற்றத்தைத் தொடக்கியவர், மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தவர் என்ற இரண்டு வரிகளோடு அவரை முடித்துவிடுகிறோம். அந்த இரண்டு வரிகளும் உண்மைதான். ஆனால் அவர் எப்படி ஆட்சி செய்தார், யாருக்குப் பதில் சொன்னார், யாருக்குச் சொல்லவில்லை என்பதைப் பார்க்காமல் விட்டால், இன்று நம் கரையோரத்தில் நடப்பதையும் சரியாக விளங்கிக்கொள்ள முடியாது. அதனால்தான் அவருடைய வாழ்க்கையைச் சாகாமத்தில் இருந்து வாசித்துப் பார்க்க விரும்பினேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. திருக்கோவில் பிரதேசத்தில், கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சாகாமம், கல்லோயாத் திட்டம் உருவாக்கிய ஊர் அல்ல. அதன் குளமும் வயலும் திட்டத்துக்கு மிகவும் முந்தியவை. பழைய குளத்து முறை எது, கொழும்பிலிருந்து வந்த புதிய முறை எது என்பது இங்கிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

காரீயமும் கள்ளுக்கடையும்

1884இல் மீரிகமவுக்கு அருகிலுள்ள போத்தலையில் அவர் பிறந்தார். தந்தை டொன் ஸ்பேட்டர் சேனாநாயக்க காரீயச் சுரங்கத்தால் செல்வம் சேர்த்தவர். முகத்துவாரத்தில் இருந்த புனித தோமஸ் கல்லூரியில் படித்த டி.எஸ். படிப்பில் பெயரெடுக்கவில்லை. நில அளவையாளர் நாயகத்தின் திணைக்களத்தில் சிறிது காலம் எழுதுவினைஞராக இருந்தார். பின்னர் அதை விட்டுவிட்டுக் குடும்பத்தின் தோட்டங்களையும் சுரங்கங்களையும் பார்க்கப் போனார். காணியை வரைபடத்திலும் மண்ணிலுமாக இரண்டு விதத்திலும் அறிந்த அரசியல்வாதியாக அவர் பிற்காலத்தில் விளங்கியதற்கு இந்த அனுபவமே அடித்தளம்.

பொதுவாழ்வுக்கு அவரைக் கொண்டுவந்தது மதுவிலக்கு இயக்கம். 1912இல் அரசாங்கம் கள்ளுக்கடைகளைப் பெருக்கியபோது அண்ணன் எப்.ஆர். சேனாநாயக்கவோடு சேர்ந்து அவரும் எதிர்த்தார். வருமானத்துக்காக அரசாங்கம் எடுக்கும் முடிவு மக்களின் வாழ்வைக் கெடுக்குமானால் மக்கள் அதைத் தட்டிக்கேட்கலாம் என்பதே அந்த இயக்கத்தின் அடிப்படை. இளமையில் அவர் கற்ற அரசியல் பாடம் அது.

1915: கேள்வி கேட்ட காலம்

அடுத்த பாடம் சிறையில் கிடைத்தது. 1915இல் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை கண்டிப் பகுதியில் தொடங்கிப் பல மாவட்டங்களுக்குப் பரவியது. பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. ஆங்கில அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. மதுவிலக்கு இயக்கத்தின் சிங்களத் தலைவர்கள் மீது சந்தேகம் விழுந்தது. சேனாநாயக்க சகோதரர்கள் மூவரும் வழக்கு எதுவும் இல்லாமலே சிறையில் அடைக்கப்பட்டார்கள். விசாரணை இல்லாமல் சுட்டுக்கொல்லப்பட்டவர்களும் இருந்தார்கள்.

சிங்களத் தலைவர்களுக்காகச் சட்டசபையில் குரல் கொடுத்தவர் பொன்னம்பலம் இராமநாதன். அந்தப் பேச்சு தெற்கில் அவருக்குப் பெரும் புகழைக் கொடுத்தது. தாக்கப்பட்ட முஸ்லிம்களுக்கோ அது நெடுங்காலம் ஆறாத மனக்காயம். இராணுவச் சட்டத்தின் பெயரால் நடந்தவற்றை விசாரிக்க அரச ஆணைக்குழு வேண்டும் எனச் சிங்களத் தலைவர்கள் லண்டனைக் கேட்டார்கள். அது கிடைக்கவில்லை.

பதில் சொல்லாத அரசாங்கம் எப்படி இருக்கும் என்பதை டி.எஸ். தன் உடம்பில் அனுபவித்தவர். சுதந்திரத்துக்கான அவரது வாதமும் அதிலிருந்தே வந்தது. தூரத்தில் இருந்துகொண்டு, தங்களைக் கேளாமல் முடிவெடுப்பவர்கள் ஆளக்கூடாது என்றார்கள் அவரும் அவரது தலைமுறையினரும். பின்னாளில் கல்முனைக்கும் சம்மாந்துறைக்கும் அக்கரைப்பற்றுக்கும் கொழும்பே அந்தத் தூரத்து இடமாக ஆனது.

அமைச்சர் கையில் காணி

1924இல் நீர்கொழும்புத் தொகுதியிலிருந்து போட்டியின்றிச் சட்டசபைக்குத் தெரிவானார். 1927இல் அமைக்கப்பட்ட காணி ஆணைக்குழுவில் உறுப்பினராக இருந்தார். 1931இல் சர்வசன வாக்குரிமையோடு அரசுப் பேரவை வந்தபோது விவசாய, காணி அமைச்சரானார். 1947வரை அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது. ஒரே துறையை இவ்வளவு நீண்டகாலம் வைத்திருந்த அமைச்சர்கள் இந்நாட்டில் அரிது.

அவர் எதிர்கொண்ட பிரச்சினை பொய்யானது அல்ல. ஈரவலயத்தில் பெருந்தோட்டங்கள் நிலத்தை விழுங்கியிருந்தன. நாடு தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றை விற்றுவிட்டு அரிசியை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. பர்மாவிலிருந்து கப்பல் வராவிட்டால் சோற்றுக்கு வழியில்லை என்பது இரண்டாம் உலகப்போரில் வெளிச்சமாயிற்று. உலர்வலயத்தின் பழைய குளங்களைத் திருத்தி, காணியற்ற விவசாயிகளைக் கொண்டுபோய் இருத்தி, நெல்லை உள்நாட்டிலேயே விளைவிக்க வேண்டும் என்பது அவருடைய விடை. மின்னேரியாவில் அதைத் தொடக்கினார். மலேரியா குடியேறியவர்களை வாட்டியது. போருக்குப் பிறகு டி.டி.ரி. மருந்து வந்ததும் அந்தத் தடையும் நீங்கியது.

1935ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கொள்கையின் கருவி. அரச காணியை விவசாயிக்குக் கொடுக்கலாம். ஆனால் அவர் நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ பிரிக்கவோ முடியாது. கடன்காரனிடம் காணி போய்விடக்கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது. அதேவேளை காணிக்காரருக்கும் காணிக்கும் நடுவில் அரசாங்க உத்தியோகத்தரை நிரந்தரமாக உட்காரவைத்ததும் அதே சட்டந்தான். வாரிசுப் பட்டியலில் மகன்மாருக்குப் பிறகே மகள்மார் வந்தார்கள். தாய்வழியாக மகளுக்கு வீடும் வளவும் கொடுத்துப் பழகிய மட்டக்களப்புத் தமிழகத்தின் வழக்கத்துக்கு, தமிழரானாலும் முஸ்லிமானாலும், இது நேர்மாறானது. இந்த ஆண்முன்னுரிமையை நீக்க 2022ஆம் ஆண்டுவரை எடுத்தது. அதற்கிடையில் ஒரு போர் வந்து, ஆயிரக்கணக்கான பெண்களைக் குடும்பத் தலைவிகளாக்கிவிட்டுப் போயிருந்தது. எந்தப் பெண்ணிடமும் கேளாமல் எழுதிய ஒரு அட்டவணையின் விலையை அவர்கள்தான் கொடுத்தார்கள்.

சமுத்திரம் என்றொரு குளம்

1948 பெப்ரவரி 4இல் நாடு சுதந்திரம் பெற்றபோது அவர் பிரதமர். பாதுகாப்பும் வெளிவிவகாரமும் அவரிடமே இருந்தன. விவசாய, காணி அமைச்சு மகன் டட்லியின் கைக்குப் போனது. அதே ஆண்டில் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் ஏழு இலட்சத்துக்கும் அதிகமான மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. தேயிலையால் நாட்டுக்கு வருமானம் ஈட்டித் தந்தவர்கள் அவர்கள். அந்த வருமானம் எதற்குச் செலவாக வேண்டும் என்று கேட்கும் வாக்கு அவர்களிடமிருந்து போனது.

1949ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு அதிகாரசபையே அதற்கு முன்மாதிரி. நாம் பட்டிப்பளை ஆறு என்று சொல்லும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து அணைகட்டும் ஒப்பந்தம் மொரிசன் நட்சன் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குக் கிடைத்தது. ஏழு இலட்சத்து எழுபதாயிரம் ஏக்கர் அடி நீரைக் கொள்ளும் அந்த நீர்த்தேக்கத்துக்குப் பிற்பாடு சேனாநாயக்க சமுத்திரம் என்று பெயரிட்டார்கள். நீர்பிடிப்புக் காட்டைக் காக்க 1954இல் கல்லோயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அந்தக் காட்டில் வேட்டையாடியும் சேனை வெட்டியும் வாழ்ந்த வேடர் குடும்பங்கள் முதலில் தண்ணீருக்கும் பிறகு பூங்காவுக்கும் இடம்விட்டு விலகவேண்டியதாயிற்று. இலங்கையின் மூத்த குடிகளுக்கு நேர்ந்த இழப்பு எந்தத் திறப்பு விழாவிலும் பேசப்படவில்லை.

சபையின் அமைப்பை இங்கே கவனிக்க வேண்டும். பழைய குளத்து வயல்களில் தண்ணீர் பங்கிடுபவர் வட்டவிதானை. அவரை வயற்காரரே கூடித் தெரிவுசெய்வார்கள். 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம்கூட, ஊர்வழக்கத்தை ஊரார் கூடிப் பெரும்பான்மையால் முடிவுசெய்ய இடம்கொடுத்தது. இந்த முறையில் போடியாரின் கை ஓங்கியிருந்ததும், முல்லைக்காரரும் கூலிக்காரரும் வாய்திறக்க இடமில்லாதிருந்ததும் உண்மையே. ஆனால் தண்ணீர் வரவில்லை என்றால் யாரைப் போய்க் கேட்பது என்பது எல்லோருக்கும் தெரியும். கல்லோயாச் சபையை அரசாங்கம் நியமித்தது. காணி, நீர், வீதி, வேலைவாய்ப்பு எல்லாம் அதன் கையில். அது பதில் சொல்லவேண்டியிருந்ததோ கொழும்பிலிருந்த அமைச்சருக்கு. நூற்றாண்டுகளாக அந்த ஆற்றின் வாயில் வேளாண்மை செய்துவந்த கரையோர ஊர்களுக்குப் பதில் சொல்லும் கடப்பாடு அதற்கு இருக்கவில்லை.

குடும்பமொன்றுக்கு நான்கு ஏக்கர் வயலும் மேட்டுக்காணியும் என்ற கணக்கில் கொலனிகள் அமைந்தன. அணைக்கு அண்மையாகவும் வாய்க்காலின் தலைப்பக்கத்திலும் பெரும்பாலும் வெளிமாவட்டச் சிங்கள விவசாயிகள். கரையோரத்தை அண்டிய வாலடியில் தமிழரும் முஸ்லிம்களும். மத்தியமுகாம், நாவிதன்வெளிப் பக்கத்துக் கொலனிகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வந்தவர்களும் ஏழைகளே. கேள்வி அவர்களைப் பற்றியதல்ல. யாருக்கு எங்கே காணி என்பதை எந்த விதியின் அடிப்படையில் யார் முடிவுசெய்தார்கள் என்பதே கேள்வி. அதைக் கேட்டவர்களில் முதன்மையானவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம். 1949 டிசம்பரில் அவர் தொடக்கிய தமிழரசுக் கட்சியின் அடிப்படைக் கோரிக்கைகளில் குடியேற்றத்தை நிறுத்துவதும் ஒன்று. அதே நேரத்தில் ஜீ.ஜீ. பொன்னம்பலம் டி.எஸ்.ஸின் அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சராக இருந்தார். வாழைச்சேனைக் காகித ஆலையும் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் அவர் பெயரோடு சேர்ந்தவை. ஆலைகள் கிடைத்தன, காணிக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

குதிரையும் கொத்தரிசியும்

1952 மார்ச் 21ஆம் திகதி காலை காலிமுகத்திடலில் குதிரைச் சவாரி செய்துகொண்டிருந்தபோது டி.எஸ். கீழே விழுந்தார். மறுநாள் இறந்தார். தன் பெருந்திட்டத்தின் விளைவை, நல்லதோ கெட்டதோ, அவர் காணவில்லை.

அவர் விட்டுச்சென்றவற்றில் ஒன்றுக்கு மக்கள் உடனடியாகவே கணக்குக் கேட்டார்கள். மலிவு விலைப் பங்கீட்டு அரிசியை அவரது அரசாங்கம் தொடர்ந்து கொடுத்துவந்தது. கொரியப் போர்க்காலத்து இறப்பர் விலை இறங்கி, உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியதும் திறைசேரி தாங்கவில்லை. அரிசிக்காக 1952 டிசம்பரில் சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டார் பிரதமராகியிருந்த டட்லி. ஆனாலும் 1953இல் 25 சதம் விற்ற கொத்து அரிசி 70 சதமாக்கப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். வர்த்தகக் கொள்கையின் பிழைக்கு ஒரு பிரதமர் இரண்டே மாதத்தில் பதில் சொன்னார்.

பட்டிப்பளை ஆற்றங்கரைக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை. 1956 ஜூனில் தனிச்சிங்களச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த நாட்களில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர் வேட்டையாடப்பட்டார்கள். சபையின் வாகனங்களே கும்பல்களின் கைக்குப் போயின. கொல்லப்பட்டோர் நூறுக்கும் மேல் என்றே பெரும்பாலான பதிவுகள் சொல்கின்றன; சரியான தொகையில் இன்றுவரை ஒருமுகம் இல்லை. சுதந்திர இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த முதலாவது பெரும் கொலைவெறி ஓர் அபிவிருத்தித் திட்டத்தின் எல்லைக்குள் நடந்தது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. 1961இல் மட்டக்களப்பைப் பிரித்து அம்பாறை மாவட்டம் உருவாக்கப்பட்டது. மாவட்டச் செயலகம் கரையோரத்தில் அல்ல, திட்டம் கட்டிய நகரத்தில் அமைந்தது. இன்றும் பொத்துவிலிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் மக்கள் அங்கேதான் போகவேண்டும்.

கணக்கெடுத்தவர்கள் கேட்காதது

கல்லோயாவுக்கு அரசாங்கமே ஒருமுறை கணக்குப் பார்த்தது என்பது பலருக்குத் தெரியாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் புவியியலாளர் பி.எச். பாமரின் தலைமையில் அமைந்த மதிப்பீட்டுக்குழு 1970இல் அறிக்கை வெளியிட்டது. அணைக்கும் கொலனிகளுக்கும் சென்ற செலவு, கிடைத்த பயனைவிட அதிகம் என்பதே அதன் முடிவு. நீர்வரத்தும் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஹிங்குரானைச் சீனித் தொழிற்சாலையும் கரும்புச் செய்கையும் திட்டத்தின் கைத்தொழில் முகம். பிற்காலத்தில் அந்த ஆலை தனியார்மயமாகி, 1990களில் மூடப்பட்டு, நீண்டகாலத்தின் பின் மீண்டும் இயங்கத் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளை இழந்தவர்கள் கரும்புச் செய்கையாளர்கள்.

அந்த அறிக்கை நேர்மையானது. ஆனால் அது எண்ணியது ரூபாயை. வாலடியில் இருந்தவனுக்கு எத்தனை போகம் தண்ணீர் தவறியது, 1956இல் ஓடிப்போனவனின் வயல் யாருடையதாயிற்று என்பவை அதன் கணக்கில் இல்லை. 1957இன் பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கையும், 1965இன் டட்லி–செல்வநாயகம் உடன்படிக்கையும் இந்த இடத்தைத்தான் தொட்டன. வடக்குக் கிழக்குக் குடியேற்றக் காணியில் முதலில் அந்தந்த மாவட்டத்துக் காணியற்றவருக்கும், அடுத்து அம்மாகாணங்களின் தமிழ்பேசும் மக்களுக்கும் முன்னுரிமை என்று டட்லி எழுத்தில் ஒப்புக்கொண்டார். தந்தை திறந்துவிட்ட கேள்விக்கு மகன் ஒப்புக்கொண்ட விடை அது. இரண்டு உடன்படிக்கைகளும் நிறைவேறவில்லை.

விடை எங்கிருந்தோ வரவேண்டியதில்லை என்பதற்கும் கல்லோயாவே சாட்சி. 1980களின் தொடக்கத்தில் இடதுகரை வாய்க்கால்களைத் திருத்தும் வேலையில், கமத்தொழில் ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகமும் இளம் பட்டதாரிகளை வயல்வெளிக்கு அனுப்பின. அவர்கள் விவசாயிகளை வாய்க்கால் வாய்க்காலாகக் கூட்டினார்கள். குளத்தில் தண்ணீர் குறைந்த காலத்தில், தலைப்பக்கத்துச் சிங்கள விவசாயிகள் முறைவைத்துத் தங்கள் பங்கைச் சிக்கனமாக்கி, வாலடித் தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் விட்டார்கள். 1983க்கு முன்னும் பின்னுமான கொதிப்பான ஆண்டுகள் அவை. ஒருவரின் முகத்தை ஒருவர் பார்த்துக் கேட்கவும் பதில் சொல்லவும் ஒரு கூட்டம் இருந்தது. அது மட்டுமே புதிதாக வந்தது. சபை செய்யாததை அந்தக் கூட்டம் செய்தது.

டி.எஸ்.ஸை எப்படி மதிப்பிடுவது? அவர் சோம்பேறியான ஆட்சியாளர் அல்ல. பசிக்கு விடை தேடினார். பிற்கால அமைச்சர்கள் பலரைப்போல் பொதுப்பணத்தில் தன் வீட்டை வளர்த்தவராகவும் அவர் பெயர் கெடவில்லை. இத்தனை நல்ல குணங்கள் இருந்தும், பாதிக்கப்படுபவரைக் கேட்காமல் முடிவெடுக்கும் முறையை அவர் அரச வழக்கமாக்கினார். அந்த வழக்கம் அவரோடு இறக்கவில்லை. திறமையும் நல்லெண்ணமும் இல்லாதவர்களின் கைக்கு அது பின்னர் போனது.

ஒலுவிலைப் பாருங்கள். 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. அதன் வடக்கே கடல் கரையைத் தின்று, தென்னந்தோப்புகளையும் தோணி இழுக்கும் இடத்தையும் கொண்டுபோனது. அதைக் கேட்டவர்கள் மீனவர்கள். திருக்கோவில் கரையில் கனிய மணல் அகழ்வு பற்றிய பேச்சு எழுந்தபோது வீதிக்கு இறங்கியவர்களும் ஊர் மக்களே. தமிழரானாலும் முஸ்லிமானாலும் கடலும் ஆறும் எடுத்துக்கொண்டு போகும் மண் ஒன்றுதான். இந்த விடயத்தில் நாம் தனித்தனியாகக் கேட்பது திட்டம் போடுபவர்களுக்கே வசதி.

கேட்கவேண்டியவை கடினமான கேள்விகள் அல்ல. சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கை தமிழில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? காணியோ தொழிலோ இழப்பவருக்கு எப்போது, எவ்வளவு, யார் கொடுப்பது? திட்டம் பிழைத்தால் கையெழுத்திட்டவர் யார்? இவற்றைக் கேட்டுப் பெற 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இப்போது கையில் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். 1949இல் நம் பாட்டன்மாரிடம் அது இருக்கவில்லை. அணைக்கு முதற்கல் வைக்கப்படுவதற்கு முன்பு இந்த மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கியிருந்தால், கட்டியவரின் பெயரைச் சுமக்கும் அந்தச் சமுத்திரத்தின் தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒரே முறையில் பாய்ந்திருக்கும் என்று நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். பாயாதபோது யாரைக் கேட்பது என்பதாவது தெரிந்திருக்கும்.